வீட்டுக்கு ஒரு லேப்டாப்

நாற்பத்து மூன்று வயதில் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அந்தச் செய்தியை என் கணவர் ஊருக்குச் சொன்ன விதம் இப்படி: "வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கப் போறோம்."

இடம் கிடைத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று குறை சொல்ல மாட்டேன். அதையும் சொன்னார், இரண்டாவதாக. சொன்ன இடம் டீக்கடை, நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு நேர் எதிரே. அங்கே ஒருவர் வாயைத் திறந்தால் இங்கே பேப்பர் அடுக்கிக்கொண்டிருக்கும் என் காதில் விழும். அன்று காலை டீ குடித்துவிட்டுப் பேப்பர் படிக்க வந்த ஏழு பேரில் ஆறு பேர் லேப்டாப்புக்காக எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் படிப்புக்காகச் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம், டீக்கடையில் பேசியது சரியாக விழுந்திருக்காது.

குத்தாலத்துக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் எங்கள் ஊர். பன்னிரண்டு வருடமாக நான் பக்கத்து ஊரில் ஊர்ப்புற நூலகர். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, மழை பெய்தால் நான் ஓடிப்போய் நகர்த்தும் மூன்று அலமாரி. அடுத்தவர் படிக்கப் புத்தகம் எடுத்துக் கொடுத்தே பன்னிரண்டு வருடம் போய்விட்டது. நூலக அறிவியலில் முதுகலை படிக்க வேண்டும் என்பது பழைய ஆசை. தொலைநிலைக் கல்விதான். மாதத்தில் இரண்டு ஞாயிறு தஞ்சாவூருக்குப் போய் வகுப்பில் உட்கார வேண்டும். பாடம், கட்டுரை, தேர்வு என்று மிச்சமெல்லாம் கணினி வழியாக. சேர்க்கைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: மாணவர் தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு மடிக்கணினி வைத்திருக்க வேண்டும். நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன். 'சொந்த உபயோகத்துக்கு' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு படித்தேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் 'வீட்டுக்கு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது வாயைத் திறந்தால் எதையும் விழுங்கிவிடும். என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த பீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இன்றைக்கு எனக்கென்று இருப்பது ஒன்றரைத் தட்டு. மற்ற தட்டுகளில் நிலப் பத்திரம், கூட்டுறவு வங்கிப் புத்தகம், துணிப்பையில் கட்டிய உளுந்து விதை. நான் நூலகத்துக்குப் போய்வர என் பெயரில் ஸ்கூட்டி வாங்கினோம். இரண்டு வருடம் போனேன். பிறகு அது மருந்தடிக்கும் ஸ்பிரேயரைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்னால் யூரியா மூட்டையை வைத்துக்கொண்டு வயலுக்குப் போகப் பழகிவிட்டது. நான் மினிபஸ்ஸுக்குத் திரும்பினேன். போன் வாங்கினேன். பள்ளிக்கூடத்தை மூடிவைத்திருந்த காலத்தில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு வந்து அது அவள் கைக்குப் போனது. பள்ளிக்கூடம் திறந்தது, போன் திரும்பவில்லை. இதிலெல்லாம் யாரும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. கேட்டால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன், கொடுத்தும் இருக்கிறேன். அதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே படிப்பில் எட்டு வருடத்துக்கு முன்பு ஒருமுறை சேர்ந்து பாதியில் விட்டவள் நான். யாரும் படிக்காதே என்று சொல்லவில்லை. வந்த பாடப் புத்தகங்களை வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மேசையில் வைத்தால் மகளின் வீட்டுப்பாடம், கட்டிலில் வைத்தால் காயப்போட்ட துணி. கடைசியில் பீரோவின் தலைமேல் ஏற்றினேன், அதன் மேல் தார்ப்பாய் ஏறியது, அடுத்த அறுவடைக்குத் தார்ப்பாயை இறக்கியபோது தேர்வு முடிந்திருந்தது. இந்த லேப்டாப்பும் 'வீட்டுக்கு' என்று வந்து இறங்கினால் இந்தத் தடவையும் நான் படித்து முடிக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை சேர எனக்கு முகம் இருக்காது.

ஆனால் வீடு உற்சாகமாக இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் சிரிப்பும் பேச்சுமாக இருந்ததுபோல் பொங்கலுக்குக்கூட இருந்ததில்லை. என் கணவருக்குச் சொந்தமாக ஆறு மா நிலம், குத்தகைக்கு ஆறு மா, மொத்தம் நாலு ஏக்கர் சாகுபடி. குறுவை நட்டு முடித்து, சம்பாவுக்கு நாற்றங்கால் போடுவதற்கு இடையில் கொஞ்சம் கை ஓய்ந்திருந்தார். கை ஓய்ந்த மனிதரின் மூளை சும்மா இருக்குமா? பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். கொள்முதல் நிலையத்துக்கு நெல் போடப் பதிவு செய்யக் கணினி மையத்தில் வரிசையில் நிற்க வேண்டாம் என்றார். கிரிக்கெட்டையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தனியாக ஒரு பட்டியல் இருந்தது. அதில் வீடியோ வெட்டி ஒட்டுவது முதலில் இருந்தது, இயற்பியல் கடைசியில் இருந்தது. என் பட்டியலை யாரும் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

லேப்டாப்பைப் பற்றி அவர் விசாரித்துத் தெரிந்துகொண்ட முறை தனிக் கதை. ஐ த்ரீ, ஐ ஃபைவ் என்றெல்லாம் இருக்கிறது என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் நெல்லுக்குப் பெயர் இருந்தாலும் கூப்பிடுவது எண்ணை வைத்துத்தான். நாற்பத்து மூன்று போட்டிருக்கிறேன், முப்பத்தாறு போட்டிருக்கிறேன், ஆயிரத்தொன்பது போடலாமா என்றுதான் பேச்சு. அதனால் ஐந்தும் மூன்றும் அவருக்கு உடனே விளங்கிவிட்டன. மூன்று குறுகிய கால ரகம், சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்து கொஞ்சம் நாள் கூடுதல், களத்தில் கண்டுமுதல் அதிகம், ஆனால் உரம் கேட்கும். உரம் என்றால் இங்கே என்ன என்று கேட்டேன். கரண்ட் என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே, அப்பா சொல்வதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஒரு ஆடி வெள்ளியன்று மூன்று பேரும் குத்தாலத்தில் ரயில் ஏறினோம். மகளுக்குக் காலையில் கடுமையான தலைவலி, பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு. ரயில் நிலையத்துக்கு வந்ததும் சரியாகிவிட்டது. கணவர் துவைத்து மடித்த வெள்ளை வேட்டி, பொண்ணு பார்க்கப் போகிறவர்போல் நெற்றியில் விபூதி. கும்பகோணம் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே வயல்களைப் பார்த்து, இது இவ்வளவு வெளுத்திருக்கிறதே, அது களை எடுக்காமல் கிடக்கிறதே என்று எல்லார் வயலுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார்.

தஞ்சாவூர்க் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கீழே குக்கரும் கிரைண்டரும், மாடியில் லேப்டாப். முப்பது வயது இருக்கும் ஒரு பெண் எங்களைக் கவனிக்க வந்தார். பொறுமைசாலி. அன்று அந்தப் பொறுமைக்கு நல்ல வேலை இருந்தது. அவர் திரையைப் பற்றியும் நினைவகத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்ததும் என் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். நேராக மேசைக்குப் போனார். இடது கையில் ஒரு லேப்டாப்பை எடுத்தார், வலது கையில் இன்னொன்றை எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். இரண்டையும் மெல்ல ஏற்றி இறக்கினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. விதைநெல் வாங்கும்போது இப்படித்தான் இரண்டு கையிலும் அள்ளிப் பார்ப்பார். அள்ளிய நெல் கையில் கனமாக உட்கார்ந்தால் மணி முற்றியது. லேசாக இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம், வெறும் உமி. தண்ணீரில் போட்டால் மிதக்கும். வலது கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்.

"இது பதரும்மா."

அந்தப் பெண் அது ஏதோ புதிய பிராண்டின் பெயர் என்று நினைத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

என் கணவர் அடுத்ததை எடுத்தார். காட்சிக்கு வைத்த லேப்டாப்புகளை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர் கட்டியிருந்தார்கள். அவர் ஏற்றி இறக்கிய வேகத்தில் ஒயர் கழன்றது, கீ கீ என்று அலாரம் அடித்தது. மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. மகள் கொஞ்சம் தள்ளிப்போய் பிரிண்டர் வாங்க வந்த வேறு குடும்பத்துப் பெண்போல நின்றுகொண்டாள். அவர் அசரவில்லை. அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே நாலாவதையும் ஐந்தாவதையும் எடை பார்த்து முடித்துவிட்டார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கறுப்பு நிறம், பெரிய திரை, பக்கத்தில் எண்களுக்குத் தனியாக ஒரு வரிசை. சார்ஜரையும் கேட்டு வாங்கி எடை பார்த்தார். அது முக்கால் செங்கல் இருந்தது. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சாமான் என்றால் கையில் ஒரு கனம் இருக்க வேண்டும் என்றார். மகளும் பிரிண்டர் பக்கத்திலிருந்து திரும்பி வந்து பெரிய திரைக்கு ஆதரவு தெரிவித்தாள்.

இவர்கள் எடை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கடைசி மேசையில் ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தேன். சாம்பல் நிறம், எங்கள் நூலகப் பதிவேட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதற்கு மட்டும் ஏனோ ஒயர் கட்டியிருக்கவில்லை. ஒரு கையால் எடுத்தேன், வந்துவிட்டது. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்தேன். மடிக்கணினி என்று பெயர் வைத்தவர் இதைத்தான் மடியில் வைத்திருந்திருப்பார். விசைகளில் ஒரு வரி அடித்தேன். சத்தமில்லாமல் போனது. தஞ்சாவூர் போகும் ரயிலில் இதை மடியில் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுவதுபோல ஒரு நினைப்பு வந்தது. பேருந்தில், நூலகத்தில் கூட்டமில்லாத மத்தியானத்தில், மகளின் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது. அந்தக் கறுப்பு லேப்டாப் வந்தால் கூடத்து மேசைக்குப் போகும். மேசையில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்காது. கனமானது வீட்டில் தங்கும், லேசானது என்னோடு வரும். விஷயம் அவ்வளவுதான்.

சாம்பல் நிறத்தின் விலையை அந்தப் பெண் சொன்னதும் என் கணவர் இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். எடை குறைந்ததால்தான் சார் விலை கூடுதல் என்று அந்தப் பெண் விளக்கினார். இதை அவரால் தாங்க முடியவில்லை. இருபத்தைந்து வருடமாகக் கொள்முதல் நிலையத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஈரப்பதம் என்றும் தூசி என்றும் எடையைக் குறைத்தால் சண்டை போட்டு வளர்ந்த மனிதர் அவர்.

"ஏம்மா, எங்களுக்கு எடை குறைஞ்சா காசக் குறைக்கிறாங்க. இங்க எடை குறைஞ்சா காசு கூடுதா? இது என்ன ஊரு நியாயம்?"

கேள்வி நியாயமானதுதான். அந்தப் பெண் பில் போடும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எதையும் முடிவு செய்யாத குரலில், யாருக்கு வாங்குகிறோம் என்று கேட்டார். படிக்கிற பிள்ளைக்கென்றால் பை இலவசமாம்.

என் கணவர், "வீட்டுக்கு" என்றார்.

நான், "எனக்கு" என்றேன்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. என் குரல் நான் நினைத்ததைவிட உயரமாக வந்தது. எனக்கே வெட்கமாகப் போனது. அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார்.

"ஒனக்குத்தான். வீடு வேற நீ வேறயா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்றால் கறுப்பு லேப்டாப். ஆமாம் என்றால் நான் மனுஷியே இல்லை. பத்தொன்பது வருடக் குடும்பத்தில் என் தொண்டையில் நின்ற கேள்வி இதுதான். அதை இவர் ஆடித் தள்ளுபடியில், பில் புத்தகத்துக்கு முன்னால் கேட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது, அதனால் கோபத்தை வரவழைத்துக்கொண்டேன். அது எனக்குச் சுலபமாக வரும்.

கறுப்பு லேப்டாப்பையும் அந்தச் செங்கல் சார்ஜரையும் ஒரு பையில் வைத்துத் தரச் சொன்னேன். என் கைப்பையிலிருந்த இரண்டு பாடப் புத்தகம், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அதில் போட்டேன். கணவரின் தோளில் மாட்டினேன். ரயில் நிலையத்திலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து நிலையத்துக்கும் மாதம் இரண்டு நாள் நான் இதைச் சுமக்க வேண்டும், இந்த மாடியை நாலு சுற்றுச் சுற்றி வாருங்கள் பார்க்கலாம் என்றேன். கெட்டிக்கார யோசனை என்று நினைத்துக்கொண்டேன். நெல் மூட்டையை முதுகில் ஏற்றி வரப்பில் நடக்கிறவர் என்பதை மறந்துவிட்டேன். அவர் நாலு சுற்று என்ன, ஆறு சுற்று வந்தார். கடைசிச் சுற்றில் வேண்டுமென்றே கையை வீசிக்கொண்டு வந்தார். இது ஒரு எடையா என்று கேட்டார். மகள் கை தட்டினாள், கடைக்காரப் பெண்ணும் சிரித்துவிட்டார். என் மூளைக்கு அன்று விடுமுறை போலும்.

அவர் பையை இறக்கி மேசையில் வைத்தார். பில் புத்தகம் திறந்தது. சாம்பல் நிறத்தை நான் மறுபடியும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மணிக்கட்டை லேசாகத் திருப்பித் திருப்பி அதன் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி மணிக்கட்டைத் திருப்புகிற ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன்.

என் மாமியார் கூலிக்குக் கதிர் அறுத்தவர். அறுப்பு மெஷின் வயலில் இறங்கும் வரை என் பிறந்த வீட்டுப் பெண்களுக்கும் இவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் அதுதான் வேலை. எனக்குக் கல்யாணமான புதிதில் அவர் கருக்கரிவாள் வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருக்கிறேன். கொல்லர் பத்து அரிவாளைப் பரப்பி வைப்பார். மாமியார் ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். கனமான அரிவாளைக் கீழே போட்டுவிடுவார். நாள் முழுவதும் கையில் இருக்க வேண்டியது, கனத்தால் சாயங்காலம் கை செத்துப்போகும். அந்த அரிவாளை வேறு யாரும் தொட முடியாது. மாமனார் ஒருமுறை அதை எடுத்து முருங்கைக் கிளை வெட்டிப் பல்லை மழுக்கிவிட்டார். மூன்று நாள் அவருக்குச் சோறு போட்டது பக்கத்து வீடு. என் கணவர் அந்தச் சண்டையை இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

"ஏங்க, உங்க அம்மா அரிவாள் எப்புடி வாங்குவாங்க?" என்றேன்.

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க. கனமாப் பாத்தா, லேசாப் பாத்தா?"

"லேசாத்தான். பொழுதனிக்கும் கையில இருக்கிறதுல்ல."

"நெல்லைத்தாங்க கனம் பாக்கணும். இது நெல்லு இல்ல. நான் கையில வச்சு வேலை பாக்கப் போற சாமான்."

அவர் கறுப்பு லேப்டாப்பைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நான் விடவில்லை. விட்டிருந்தால் பேச்சு எடையோடு முடிந்திருக்கும், யாருக்கு என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

"இன்னொண்ணும் சொல்லுங்க. அது வீட்டு அரிவாளா, உங்க அம்மா அரிவாளா?"

மாமியார் போய் ஆறு வருடம் ஆகிறது. அவரை இந்தச் சண்டைக்குள் இழுத்தது சரியா என்று அந்த நொடியில் எனக்குப் பயமாக இருந்தது. என் கணவர் வேட்டியின் மடிப்பைச் சரி செய்துகொண்டார். அலாரம் வைத்த ஒயர் ஒன்றை எடுத்துச் சுருட்டினார், திரும்பப் பிரித்தார்.

"அம்மா அரிவாள்" என்றார்.

பிறகு பில் புத்தகத்தோடு நின்ற பெண்ணிடம் திரும்பி, "அவங்களுக்கு எது வேணுமோ அதப் போடுங்கம்மா" என்றார். என்னை அவர் 'அவங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மகளுக்குப் பெரிய திரை போன வருத்தம் இருந்தது.

அதற்காக அவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். திரும்பி வரும் ரயிலில், பாபநாசம் வரை, குறைந்த எடைக்குக் கூடுதல் விலை வாங்கும் அநியாயத்தைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அவரும் குறுவை போட்டவர், முழு மனதோடு ஒப்புக்கொண்டார். பெட்டி என் மடியில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றிப் பூஜை போட்டார். சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு நேராக லேப்டாப்பின் மூடிக்கு வந்தார். நான் குறுக்கே விழுந்து தடுத்து, பொட்டை அட்டைப் பெட்டிக்கு வைக்கச் சொன்னேன். அட்டைப் பெட்டி இன்றும் மூன்று பொட்டோடு பரணில் இருக்கிறது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புது மெஷினை ஓட்டிப் பார்ப்பது தன் வேலை என்பதுபோல் அதன் முன்னால் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில். நான் அடுப்படிக்குப் போனேன். காலைக்குப் பிறகு அடுப்பு மூட்டவில்லை, மூன்று பேருக்கும் பசி. ஆனால் காது கூடத்தில்தான் இருந்தது. கடையில் ஒத்துக்கொண்டது வேறு, வீட்டில் நடப்பது வேறு. இதை நான் ஸ்கூட்டி விஷயத்திலேயே படித்திருக்கிறேன். அது வந்த அன்றும் சாவியை என் கையில்தான் கொடுத்தார்.

மொழி, நாடு, வைஃபை என்று மகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். அப்புறம், யார் பெயரில் போடுவது என்று கேட்கிறது என்றாள். குடும்பத்துக்குப் பொதுவாக ஏதாவது போடலாமா, நம் ஊர்ப் பெயர் போடலாமா என்றும் அவளே கேட்டாள். என் கரண்டி நின்றுவிட்டது. அவர் எழுந்து போகும் சத்தம் கேட்டது. பீரோ திறந்தது. பத்திரம் வைத்த பை சரசரத்தது. போச்சு, பட்டாவை எடுக்கிறார், முதல் நாளே அடங்கல் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். எண்ணெயில் கடுகு கருகியது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் மடியில் இருந்தது என் பட்டச் சான்றிதழ். பாலித்தீன் உறையோடு அதைத் தொடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒரு எழுத்து தேடுவது, அழுத்துவது, சான்றிதழைப் பார்ப்பது, அடுத்த எழுத்தைத் தேடுவது என்று போய்க்கொண்டிருந்தது.

அவர் பெயரை நான் சொல்வதில்லை, அது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அவரும் என் பெயரைச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் 'இந்தா' என்பார். மகள் பிறந்ததும் 'பாப்பாம்மா' ஆனேன். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், யாராவது கேட்டால்கூட என்னைத் திரும்பிப் பார்ப்பாரே தவிர அவர் வாயால் வராது. பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்தப் பெயரை இப்போது ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகப் போட்டுக்கொண்டிருந்தார். முன்னெழுத்துக்கு என் அப்பாவின் எழுத்து, சான்றிதழில் உள்ளபடி.

"அம்மா பேரு ஒங்களுக்கு எழுதத் தெரியாதாப்பா?" என்றாள் மகள்.

"தெரியும். படிச்சவங்க பேரு. தப்பா விழுந்துரக் கூடாது."

கடைசி எழுத்தையும் போட்டுவிட்டு ஒரு முறை சரிபார்த்தார். திரை மாறியது. அடுத்தது கடவுச்சொல் என்றாள் மகள். தன் பிறந்த நாளைப் போடலாம், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும் என்றாள். அவர் லேப்டாப்பை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத நீயே போடு. எங்கக்கிட்ட சொல்லாத."

"பாப்பாகிட்டயுமா?"

"யார்கிட்டயும்." மகளின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தானும் திரும்பி நின்றுகொண்டார். சுவரில் காலண்டர்தான் இருந்தது, அதைப் படிப்பதுபோல் நின்றார்.

எங்கள் வீட்டில் பூட்டும் சாவியும் உண்டு. ஆனால் ஒருத்தருக்கு மட்டும் தெரிந்த சாவி கிடையாது. நான் நின்றபடியே லேப்டாப்பை இடது கையில் ஏந்திக்கொண்டு ஒரு வார்த்தையை அடித்தேன். திரும்ப ஒருமுறை அடிக்கச் சொன்னது. கண் கலங்கியிருந்ததால் எழுத்துகள் தெரியவில்லை, இரண்டும் பொருந்தவில்லை. மறுபடி அடித்தேன், மறுபடியும் தப்பு. அம்மா சீக்கிரம் என்றாள் மகள். பேசாமல் நில்லு என்றார் அவர், காலண்டரைப் பார்த்தபடியே. மூன்றாவது தடவைதான் சரியாக விழுந்தது. நான் ஆச்சு என்று சொல்லும் வரை இரண்டு பேரும் திரும்பவில்லை.